பழைய துப்பாக்கியும் ஸ்டோர் சாவியும்

தோட்டத்து ஆப்பீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்குப் பழைய சாமான்களோடு நெருங்கிய உறவு உண்டு. கழித்துவிடப்பட்ட டிராக்டர், தண்ணீர் இறைக்கும் இயந்திரம், மருந்தடிக்கும் தோள்பம்பு, தராசு ஆகியவற்றைப் பார்வையிட்டு, 'உதவும்', 'உதவாது' என்று எழுதி ஒப்பமிடுவது நமது அலுவல்களுள் ஒன்று. பத்தாண்டுகளுக்கு மேலாக இவ்வாறு பழகிய கண்ணுக்கு, விற்பவன் எதை மறைக்கின்றான் என்பது ஓரளவு புலப்படும் என்ற கர்வமும் நமக்கு உண்டு. அக்கர்வத்துக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நமது ஊருக்குப் பாதி உலகம் அப்பால், ஒரு சோதனை வந்தது. பார்வையிட வேண்டிய பொருள் ஒரு பழைய ரிவால்வர்.

வாசகர்கள் திடுக்கிட வேண்டுவதில்லை. வாங்க நினைத்தவர் நாமல்லோம், நமது அத்தான். அவர் அக்காளை மணந்து, ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி, டெக்சாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரின் புறத்தே ஒரு தொழிற்சாலையில் அலுவல் பார்ப்பவர். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். ஒரு மாத விடுமுறையில் நாம் அவர் வீட்டிலே தங்கியிருந்த சமயம், அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருடர் புகுந்துவிட்டனர். வீட்டார் உறங்கிக்கொண்டிருக்கும்போதே புகுந்தனராம். அன்று முதல் அத்தானுக்கு உறக்கமில்லை. இரவில் மும்முறை எழுந்து வாசற்கதவையும் கொல்லைக்கதவையும் இழுத்துப் பார்ப்பார். நான்காம் நாள் காலையில், "மச்சான், ஒரு துப்பாக்கி வாங்கலாமென்றிருக்கிறேன். நீயும் கூட வா. பழைய சாமானில் உன் கண் தப்பாது" என்றார். அக்காள் அடுப்பண்டை நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தோசையைத் திருப்பிப் போட்ட சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் மக்கள் நாம். அதற்குக் காரணமுண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. அக்காலத்துச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949ஆம் ஆண்டு மே மாதம் 4ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது எதற்காக? ஒரு ரிவால்வருக்காக. எவரையும் சுட்டாரென்பது குற்றச்சாட்டன்று, வைத்திருந்தாரென்பதே குற்றச்சாட்டு. நமது பாட்டனார் இதைச் சொல்லும்போது, அறுபது ஆண்டு கழிந்த பின்னும், குரலைத் தாழ்த்திக்கொள்வார். பிரட்டுக்களத்தில் துரை இடுப்பில் ரிவால்வரோடு நிற்பாராம். பெயர் கூப்பிடும்போது ஆட்கள் அவர் முகத்தைப் பாராமல் இடுப்பையே பார்த்துப் பதில் சொல்வார்களாம்.

இன்றும் நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமமின்றி ஒருவன் துப்பாக்கியை விற்கவும் ஆகாது, வாங்கவும் ஆகாது. டெக்சாசில் நிலைமை வேறு. கடைக்காரரிடம் வாங்குவோர் பெயரைக் கொடுத்து, குற்றவாளிப் பதிவேட்டில் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஆனால் அம்மாகாணத்தில் வசிக்கும் தனியார் இருவர் தமக்குள் விற்று வாங்கினால் அச்சோதனையும் வேண்டுவதில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்து, கையைக் குலுக்கி, பொருளைக் காரில் வைத்துக்கொண்டு போகலாம். நமது தோட்டத்தில் ஓர் உடைந்த தோள்பம்பைக் கழிப்பதற்கே மூன்று பேருடைய கையொப்பம் வேண்டும்!

எங்களோடு மூன்றாமவராக வந்தவர், அத்தானின் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்யும் மெக்சிக்க நண்பர். இரும்பின் மொழி தெரிந்த மனிதர். துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதிலும் பழக்கமுள்ளவர். அவர் காரில் ஏறியவுடன் நம்மிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஐயா, நீங்கள் விருந்தினர் விசாவில் வந்தவர். எங்கள் நாட்டுச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கலாகாது. பார்க்கலாம், தொடக்கூடாது." நமக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பாட்டனாரின் குரல் காதில் ஒலிக்க, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, வேண்டியபோது நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுப்பதென்று முடிவு செய்தோம்.

விற்பவர் எழுபது வயதைக் கடந்த வெள்ளைக்காரர். ஹூஸ்டனுக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில், பைன் மரங்களுக்கு நடுவே தனித்த வீடு. வாசலில் இரண்டு சாய்வு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றின் மேல் மட்டும் தூசி படிந்திருந்தது. சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் பொருளை வைத்திருந்தார். பக்கத்தில் தோலுறை, துடைக்கும் கம்பி, எண்ணெய்க் குப்பி, 1978ஆம் ஆண்டில் வாங்கிய கடை ரசீது ஆகியவை வரிசையாக இருந்தன. ரசீதைப் பத்திரப்படுத்திய மனிதரென்றதும் நமது கிராணி மனம் அவரிடம் சாய்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் செய்த 10ஆம் எண் மாதிரி அது. .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா ஆறு கொள்வது. நான்கு அங்குலக் குழல். 1899ஆம் ஆண்டில் வேறு பெயரோடு பிறந்து, 1957ல் இந்த எண்ணைப் பெற்று, அமெரிக்கப் போலீசாரின் இடுப்பிலே பல பத்தாண்டுகள் கிடந்த மாதிரி இது. விலை 450 டாலர் என்று கேட்டார்.

நண்பர் அதை எடுத்தார். முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, உருளையை இடப்புறமாகத் திறந்தார். ஆறு அறைகளையும் எண்ணிப் பார்த்தார். அத்தானிடம் காட்டி அவரையும் எண்ணச் சொன்னார். பின்னர், மேசையில் வைத்து மறுபடி எடுக்கும்போதெல்லாம் முன்னர்ப் பார்த்ததை மறந்தவர்போல் மீண்டும் எண்ணினார். ஒரே வேலையை ஆறேழு தடவை செய்கிறாரே என்று அத்தானுக்குப் பொறுமை போயிற்று. நமக்கோ அது கஜானாப் பெட்டியைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கும் பழைய கிராணிமாரை நினைவூட்டியது.

பிறகு உருளையைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி மூடினார். சினிமாக்களில் வீரர்கள் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உருளையைப் படாரென்று மூடுவதை நாமெல்லாம் பார்த்துக் கை தட்டியிருக்கிறோமல்லவா? அவ்வாறு மூடினால் உருளையைத் தாங்கும் கீல் வளைந்துபோகுமாம். "விற்பவர் நம் கண்முன் அப்படி மூடிக் காட்டினால், வந்த வழியே திரும்பிவிட வேண்டும்" என்றார் நண்பர்.

மேற்பூச்சு குழல்முனையில் தேய்ந்து வெள்ளி போல் தெரிந்தது. நாம் அதை நோட்டுப் புத்தகத்தில் குறையென்று எழுதப் போனோம். நண்பர் சிரித்தார். அது தோலுறையில் வைத்து எடுத்த தேய்வு. அதனால் ஒரு கெடுதியுமில்லையாம். பார்க்க வேண்டியவை திருகாணிகளின் தலைகள். அவற்றின் பிளவு சிதைந்திருந்தால், தொழில் தெரியாதவன் எவனோ உள்ளே கை வைத்திருக்கிறான் என்று பொருள். இதில் பிளவுகள் கூர்மையாக இருந்தன. பிடியின் இரு மரத்துண்டுகளையும், முதியவரின் அனுமதி கேட்டு, கழற்றிப் பார்த்தார். வியர்வை இறங்கித் துரு மறைந்திருக்கும் இடம் அதுதானாம். துருவில்லை.

அடுத்தது குழல். பின்புறத்தில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து அதன்மேல் கைவிளக்கின் ஒளியை வீழ்த்தி, முன்புறமிருந்து உள்ளே பார்த்தார். உள்ளே திருகுபோல் ஓடும் வரிகள் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். கருவளையம் ஒன்று குறுக்கே தெரிந்தால், எப்பொழுதோ ஒரு ரவை உள்ளே சிக்கிக்கொள்ள, அதன் பின்னே மறு ரவை வெடித்துக் குழல் வீங்கியதென்று அறியலாம். குழலின் பின்வாயில் கீறல் உண்டாவென்றும் நகத்தால் தடவிப் பார்த்தார். "நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. இதை அதிகம் சுட்டிருக்க மாட்டீர்களே?" என்று கேட்டார். "மூன்று பெட்டிகூட முழுதும் சுட்டிருக்க மாட்டேன், 150 தோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் முதியவர்.

உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க நண்பர் சட்டைப்பையிலிருந்து எடுத்த கருவியைக் கண்டதும் நமக்குப் பழைய சிநேகிதனைக் கண்டாற்போலிருந்தது. விசிறி மடிப்பாக அடுக்கிய மெல்லிய எஃகுத் தகடுகள். நமது தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் வால்வை அளக்கும் பீலர் கேஜேதான்! அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 4 முதல் 8 பங்கு வரை இருப்பது சாதாரணம். 10 பங்கைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். இதில் 6 பங்குத் தகடு நுழைந்தது, 7 நுழையவில்லை. உருளையை முன்னும் பின்னும் அசைத்தார். ஆட்டம் இல்லையென்றே சொல்லலாம். நாம் எழுதிக்கொண்டோம். அத்தான் தம் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைசிச் சோதனை நிதானமானது. வெறும் துப்பாக்கியின் குதிரையைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுப்பது. மறுகை விரலொன்றை உருளையின்மேல் லேசாகத் தடுப்பாக வைத்துக்கொள்வது. குதிரை முழுதும் பின்னே போய் நிற்பதற்கு முன்பாக உருளை சுழன்று, 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வாறு ஆறு அறைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். நாம் எழுதியதை அப்படியே தருகிறோம்: 1 சரி, 2 சரி, 3 சரி, 4 தாமதம், 5 சரி, 6 சரி. திரும்பவும் செய்தார், நான்காம் அறை மறுபடியும் தாமதம். மூன்றாம் தடவை ஐந்தாம் அறையும் சற்று யோசித்தது.

குதிரை நின்ற பின்னும் உருளை பூட்டாவிடில், அறையும் குழலும் நேர்கோட்டில் நில்லாமலிருக்கக்கூடும். அப்படிச் சுட்டால் ரவையின் ஓரம் சீவப்பட்டு, ஈயத்துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். காரணம் பெரும்பாலும் உருளையைத் தள்ளிச் சுழற்றும் சிறு இரும்பின் தேய்வு. அதற்கு அவர்கள் பாஷையில் 'கை' என்றே பெயர். புதிய கை போட்டுப் பொருத்தினால் தீர்ந்தது, பெரிய செலவில்லை. "விலையில் 50 டாலர் குறைத்தால் வாங்கலாம், நல்ல பொருள்" என்று நண்பர் அத்தானிடம் தணிந்த குரலில் சொன்னார்.

இங்கேதான் நமது கிராணிப் புத்தி குறுக்கிட்டது. ஒரு தோள்பம்பு ஆண்டில் பத்து நாள் மட்டுமே உழைத்ததாகப் பதிவேடு சொல்லி, அதன் கைப்பிடியோ வழவழவென்று தேய்ந்திருந்தால், பதிவேட்டை நம்புவதா, கைப்பிடியை நம்புவதா? இத்துப்பாக்கியின் குழல் புதிது. பின்வாய் புதிது. 150 தோட்டா என்பது பொய்யன்று. ஆனால் உட்கை தேய்ந்திருக்கிறது. உருளையைச் சுற்றி, பூட்டு உராய்ந்து ஓடிய கோடு ஆழமாகவும், எண்ணெய் காணாத பளபளப்போடும் இருக்கிறது. சுடாத துப்பாக்கியின் உருளை இத்தனை சுற்றுச் சுற்றியது எவ்வாறு?

தொடக்கூடாதென்றார்களேயொழியக் கேட்கக்கூடாதென்று சொல்லவில்லை. நாம் கேட்டுவிட்டோம்.

முதியவர் உடனே பதில் சொல்லவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். பின்னர், "பிப்ரவரியில் என் மனைவி இறந்தாள். இரவில் உறக்கம் வருவதில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இதை இழுப்பதும் விடுவதுமாக இருப்பேன். மணி போவது தெரியாது" என்றார். சற்றுப் பொறுத்து, "வெறும் துப்பாக்கிதான். தோட்டாக்களையெல்லாம் மகள் வந்தபோது எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடையில் தோட்டா விற்கிறதென்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார்.

நண்பர் உருளையைத் திறந்து, திறந்தபடியே துணிமேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது. அத்தான் நம்மைத் திரும்பிப் பார்த்த பார்வையில், 'ஏன் கேட்டாய்?' என்ற கேள்வி இருந்தது.

ஏன் கேட்டோம் என்பதைச் சொல்வதற்குப் பத்தாண்டு பின்னோக்கிப் போக வேண்டும். 2013ஆம் ஆண்டில் நாம் வேலைக்குப் புதிது. ஸ்டோர் சாவி நமது இடுப்பில் இருந்தது. ஸ்டோரில் உரம், கத்தி, கையுறை, அவற்றோடு புல் மருந்து, பாராகுவாட். ஒரு சனிக்கிழமை மாலை, மருந்தடிக்கும் கோஷ்டியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் வந்து, லயத்துக்குப் பின்னே காய்கறிப் பாத்தியில் புல் மண்டிவிட்டதென்று சிறிது மருந்து கேட்டார். சட்டப்படி கொடுக்கக்கூடாது. எல்லாரும் கொடுத்தார்கள், நாமும் கொடுத்தோம். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, பேரேட்டில் 'ஆப்பீஸ் புல்வெளி' என்று எழுதினோம். "நல்லாயிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டிலே பாத்தியே இல்லையென்பதைத் திங்கட்கிழமைதான் அறிந்தோம்.

ஆஸ்பத்திரியில் அவர் சில நாள் இருந்தார். நாம் போய்ப் பார்த்தோம். நமது கையைப் பிடித்துக்கொண்டு, தவறிச் செய்துவிட்டதாகவும், எப்படியாவது பிழைத்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றும், மகள் பரீட்சை எழுதப் போகிறாளென்றும் சொன்னார். ஒரு மாலைப்பொழுதின் வேதனை அது. அம்மாலையில் நம் ஸ்டோர் பூட்டியிருந்திருந்தால் மறுநாட் காலையில் அவர் பிரட்டுக்கு வந்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறோம். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: ஸ்டோர்க் கணக்குச் சரியாக இருக்கிறதா? சரியாக இருந்தது. அந்தக் கையெழுத்து நம்முடையது. இதுவரை இதை நாம் எங்கும் எழுதியதில்லை.

பாராகுவாட்டை மலேசிய அரசாங்கம் 2002ஆம் ஆண்டில் தடுக்க முற்பட்டு, 2006ல் தடையைத் தளர்த்தி, 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் முற்றாகத் தடுத்துவிட்டது. 'சாக நினைத்தவன் இதில்லாவிட்டால் வேறொன்றைத் தேடிக்கொள்வான்' என்று தோட்டங்களில் பெரிய மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதற்கொண்டு கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடுக்கப்பட்டன. அதன் பின்னர் இருபது ஆண்டுகளில் அந்நாட்டில் தற்கொலை செய்துகொள்வோர் விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. எல்லாரும் வேறொன்றைத் தேடிக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? துப்பாக்கிக்குப் பேர்போன அமெரிக்காவிலும், ஆண்டுதோறும் துப்பாக்கியால் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டவர் கொலையுண்டவரல்லர். தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்.

நாங்கள் மூவரும் வாசலுக்கு வந்து நின்றோம். ஸ்டோர்க் கதையை அத்தானிடம் அப்பொழுதுதான் சொன்னோம். அக்காளுக்குக்கூட அதுவரை தெரியாது. அவர் கேட்டுவிட்டு, "அதனால் இதை நான் வாங்கித்தானே ஆக வேண்டும்? விட்டுவிட்டுப் போனால் இந்தக் கிழவரிடமல்லவா இருக்கும்?" என்றார். நியாயந்தான். நமக்கு வாயடைத்துப் போயிற்று.

ஆயினும் சொல்ல வேண்டிய இன்னொன்று நெஞ்சில் நின்றது. அத்தான் வீட்டில் பதினாறு வயது மகனொருவன் இருக்கிறான். நாம் போன நாள் முதல் அவன் உண்பதற்கன்றி அறையைவிட்டு வெளியே வந்ததில்லை. பந்தாட்டக் குழுவிலிருந்து விலகிவிட்டானாம், காரணம் சொல்லவில்லையாம். புதிய ஊரின் நேரம் உடம்புக்கு ஒத்துவராமல் இரவெல்லாம் விழித்திருந்த நாம் ஒன்றைக் கவனித்திருந்தோம். அத்தான் வெளிக்கதவுகளை மும்முறை பார்க்கிறார். மகன் அறைக் கதவின் கீழே மூன்று மணிக்கும் விளக்கெரிகிறது. இதை எவ்வாறு சொல்வது? அக்காள் புருஷன், நம்மைவிட மூத்தவர். சொன்னோம். எவ்வளவு மெதுவாகச் சொல்லலாமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னோம்.

அத்தானுடைய முகம் கறுத்துவிட்டது. "என் பிள்ளையைப் பற்றி உனக்கென்ன தெரியும்? பத்து நாள் விருந்துக்கு வந்தவன் நீ. உங்கள் தோட்டத்துக் குடிகாரர்களும் அவனும் ஒன்றா?" என்றார். அந்த அண்ணன் கள்ளுக்கடை வாசலை மிதித்தவரல்லர். அதை விளக்கிச் சொல்ல அது சமயமன்று.

எங்கள் பேச்சுத் தமிழில் நடந்ததால் நண்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனினும் இரும்பைப் படிக்கிறவர் முகத்தையும் படிப்பவர் போலும். "இதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அவர் வீட்டில் பிள்ளைகளில்லை. தரையோடு முடுக்கிய எஃகுப் பெட்டி உண்டாம். உள்ளே சென்று 450 டாலரையும் குறைக்காமல் எண்ணி வைத்தார். நான்காம் அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவர் பெயரும், துப்பாக்கியின் எண்ணும், தேதியும் எழுதி இரண்டு பிரதி ரசீது தயாராயிற்று. எழுதியவர் நாமே, ரசீதெழுதத் தடையில்லையல்லவா? முதியவரின் பிரதியின் பின்பக்கத்தில் நண்பர் 988 என்று பெரிதாக எழுதினார். மனம் உடைந்தவர்கள் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடுவதற்காக 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கா முழுவதற்கும் ஏற்படுத்தப்பட்ட தொலைபேசி எண் அது. முதியவர் அதை வாசித்தார், ஒன்றும் கேட்கவில்லை, மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

தோலுறையும் எண்ணெய்க் குப்பியும் வேண்டாமென்று நண்பர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னார். பின்னர் காப்பி போட்டுக் கொடுத்தார். பாலில்லாத கறுப்புக் காப்பி; வாயில் வைக்க முடியாத கசப்பு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனைவி பீச்சுப் பழத்தில் பாகு காய்ச்சுவாளாம். கடைசிப் புட்டி ஒன்று திறவாமல் இருக்கிறதாம். நாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் விதத்தை மேசைமேல் விரலால் வரைந்து காட்டினோம். புறப்படும் முன்பு அவர் மகளைத் தொலைபேசியில் அழைத்து, "விற்றுவிட்டேன்" என்றார். மறுமுனையில் என்ன சொன்னாளோ, நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பும் வழியெல்லாம் அத்தான் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அக்காள் அவர் கைகளைப் பார்த்தாள்; வெறுங்கை. அடுப்பை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு கூடத்துச் சோபாவில் நாம் விழித்துக் கிடந்தோம். இரண்டு மணிக்கு அத்தான் எழுந்து வந்தார். வாசற்கதவைப் பார்த்தார். கொல்லைக்கதவைப் பார்த்தார். திரும்பிப் போகையில் மகன் அறையின் முன் நின்றார். நிற்பது நிழலாகத் தெரிந்தது, வெகுநேரம் நின்றார். பின்பு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "பசிக்கிறதாடா?" என்று கேட்டார். அப்பிள்ளை என்ன பதில் சொன்னானென்பது நமக்குக் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் சமையலறையில் விளக்கெரிந்தது. பாத்திரம் உருட்டும் ஓசை கேட்டது. அத்தானுக்கு முட்டை பொரிக்கவும் சரியாக வராது என்பது குடும்பத்தில் எல்லாரும் அறிந்த விஷயம்.

நாம் ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குப் பின் நண்பர் ஒரு செய்தி அனுப்பினார். புதிய கை போட்டாயிற்றாம். ஆறு அறையும் நேரத்துக்குப் பூட்டிக்கொள்கின்றனவாம். அத்தானோ கொல்லைக்கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டுவிட்டார். துப்பாக்கி வாங்கும் எண்ணத்தை அவர் விடவில்லையென்று அக்காள் சொல்கிறாள். மாலையில் மகனைக் காரோட்டக் கற்றுக்கொடுக்க அழைத்துப் போகிறாராம். இருவரும் சண்டையிட்டுக்கொண்டே திரும்புகிறார்களாம். நம்மோடு அவர் பேசுவது இன்னும் பண்டிகை நாள் வாழ்த்தோடு சரி.